கடல் பார்த்த சுவர் – 11: ஓரம் காய்வதற்குள்

போன வாரம் நாத்தனாரை டீச்சரம்மா வீட்டு கேட்டருகே, தோளில் பிரஷ் பையோடு நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். அவள் இன்னும் அங்கேயே வெயிலில் நிற்கிறாளோ என்று கவலைப்பட்டவர்கள் ஆறுதல் அடையலாம். உள்ளே வந்துவிட்டாள். வந்து பத்து நாளாகிறது.

அந்தப் பத்து நாளில் கடலைப் பார்த்து நிற்கும் பெரிய சுவரைச் சுரண்டி எடுத்தாயிற்று. நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவியாயிற்று. விரிசல் அடைத்து, காயவிட்டு, பிரைமரும் அடித்தாயிற்று. எல்லாம் ஆயிற்று, ஒன்றைத் தவிர. அண்ணனும் தங்கையும் இன்னும் ஒரு வார்த்தை நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை.

"அண்ணி, சுவத்துல உப்பு இன்னும் போகலன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க" என்பாள் நாத்தனார்.

வீட்டுக்காரர், அதாவது நம் மேஸ்திரி, மூன்றடி தள்ளி நின்று விரிசலுக்குப் பட்டி பூசும் தகட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார். "எப்படித் தெரியும்னு கேளு" என்பார் மனைவியிடம்.

"நக்கிப் பாத்தேன்னு சொல்லுங்க."

உண்மையாகவே நக்கித்தான் பார்த்தாள். நுனி நாக்கை வைத்து, கண்ணை மூடி, மருந்து குடித்த குழந்தை மாதிரி முகத்தைச் சுளித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மேஸ்திரியும் மூலையில் போய்ச் சுவரை நக்கினார். பிறகு மூச்சுக்காட்டாமல் தண்ணீர்க் குழாயை இழுத்து வந்தார்.

இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இப்படித் தபால் கொடுத்துக்கொண்டிருந்தவள் மேஸ்திரியின் மனைவி. நாத்தனார் கூப்பிடுகிறபடி நாமும் அவளை அண்ணி என்றே சொல்லி வருகிறோம். பத்து நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் அவளுடைய சாப்பாட்டுப் பையின் அடியில், நான்காக மடித்து, டிபன் பாத்திரத்துக்குக் கீழே இருந்தது.

நடுவில் சேர்ந்துகொண்டவர்களுக்காகப் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே சுவருக்கு இதே அண்ணன், தங்கைதான் பெயிண்ட் அடித்தார்கள். கடற்கரையில் காற்றே ஈரம். சுவர் வெளியே காய்ந்த மாதிரி காட்டிக்கொண்டு உள்ளுக்குள் தண்ணீர் வைத்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சாயங்காலம் ஒரு முழச் சதுரத்தில் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட வேண்டும். மறுநாள் காலையில் தாளுக்குள் வியர்த்திருந்தால் சுவர் காயவில்லை, அன்றைக்கு அடிக்கக் கூடாது. உலர்ந்திருந்தால் அடிக்கலாம். நாத்தனார்தான் எப்போதும் ஒட்டுவாள். டேப் மேல் தேதியும் மணியும் எழுதி வைப்பது அவள் பழக்கம்.

அந்தத் தடவையும் ஒட்டினாள். காலையில் வந்து பார்த்தால் தாளைக் காணோம்.

"காத்துல போயிருக்கும்" என்றார் அண்ணன்.

"நான் ஒட்டினது காத்துல போகாது. சுவர் ஈரமா இருக்கு. நாலு நாள் விடணும்" என்றாள் தங்கை.

நீ ஒட்டவே இல்லை, ஒட்ட மறந்துவிட்டுப் பிடிவாதம் பிடிக்கிறாய் என்றார் அவர். வார்த்தை தடித்தது. அவர் பிடித்த பிடியில் அன்றைக்கே பெயிண்ட் அடித்தார்கள். இருபதே நாளில் சுவர் முழுக்க உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. டீச்சரம்மா கேட்டபோது, அத்தனை ஆட்களுக்கு முன்னால், "என் தங்கச்சி ஈரப் பட்டிய வச்சுட்டா" என்று சொல்லிவிட்டார் மேஸ்திரி. அன்றைக்குப் பிரஷ்ஷைக் கழுவி எடுத்துக்கொண்டு போனவள்தான். ஊரின் மறுகோடியில் சொந்தமாக ஆள் சேர்த்து வேலை எடுத்தாள். அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அந்தத் தாளைப் பிய்த்தது யார் என்பது ஏழாவது அத்தியாயத்திலிருந்து உங்களுக்குத் தெரியும். அண்ணிதான்.

அவளுடைய அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று மேஸ்திரி இரண்டு தடவை நாள் சொன்னார், இரண்டு தடவையும் 'தங்கச்சி ஈரம்ங்கறா' என்று தள்ளிப்போட்டார். மூன்றாவது நாளும் தவறிவிடும் என்று பயந்து, விடிந்ததும் முதல் ஆளாக வந்து பார்த்தாள். தாளுக்குள் முத்து முத்தாகத் தண்ணீர். பிய்த்து மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள், சுவரைத் துண்டால் துடைத்துவிட்டாள். அம்மாவைப் போய்ப் பார்த்தாள். அதுதான் கடைசித் தடவை. அதனால் இன்றுவரை முழுசாக வருத்தப்படவும் அவளால் முடியவில்லை, நிம்மதியாகத் தூங்கவும் முடியவில்லை. தாளைத் தூக்கிப் போடவும் கை வரவில்லை.

நாத்தனாரைப் போன் போட்டு வரவழைத்தவளும் அவள்தான். டீச்சரம்மாவுக்கு வேறு யாரையும் அந்தச் சுவரில் கை வைக்க விட மனமில்லை. "தப்பா எழுதினவங்கதான் திருப்பி எழுதணும், ரெண்டு பேரும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் வேறு எப்படிப் பேசுவாள்.

சுவர் முடிகிற அன்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று அண்ணி முடிவு செய்திருந்தாள். அந்த நாள் இன்றைக்கு வந்துவிட்டது.

காலை ஏழு மணிக்கு மூன்று பேரும் சுவர் முன்னால் நின்றார்கள். நேற்று முன்தினம் ஒரு தூறல் போட்டிருந்ததால் நாத்தனார் மறுபடி தாள் ஒட்டியிருந்தாள். தாள் இருந்தது. டேப்பில் தேதியும் மணியும் இருந்தன. நாத்தனார் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி மெல்ல உரித்தாள்.

உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"இந்தத் தடவ காத்துல போகலியான்னு கேளு" என்றார் மேஸ்திரி.

அண்ணி வாளியை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள். நாத்தனாரோ கையிலிருந்த தாளை இரண்டாக, நாலாக மடித்துக்கொண்டே சாரத்தைப் பார்க்கப் போய்விட்டாள்.

இப்போதே சொல்லிவிட்டால் என்ன என்று அண்ணிக்கு ஒரு வேகம் வந்தது. வந்த வேகத்தில் போயிற்று. இப்போது சொன்னால் வேலை நின்றுவிடும். வேலை நின்றால் இவர்கள் இனி ஒரு சுவர் முன்னால் சேர்ந்து நிற்கப்போவதில்லை.

காலை வெயில் முழுவதும் அந்தச் சுவர் மேல்தான் விழும். சுடுகிற சுவரில் பெயிண்ட் வைத்தால் வைத்த இடத்திலேயே வெந்துவிடும். ஆகவே மதியம் சூரியன் வீட்டைத் தாண்டிப் போகும்வரை காத்திருக்க வேண்டும். சாயங்காலம் ஐந்துக்குமேல் கடலிலிருந்து ஈரக்காற்று ஏறிவிடும், அதற்குள் மேல்பூச்சு இறுகியிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிடைப்பது மூன்று மணி நேரம்.

காத்திருந்த நேரத்தில் அண்ணி எல்லா டப்பாக்களையும் உடைத்து ஒரே டிரம்மில் ஊற்றிக் கலக்கினாள். ஒரே நம்பர், ஒரே கடை என்றாலும் டப்பாவுக்கு டப்பா ஒரு மயிரிழை நிறம் மாறும், அது சுவரில் போய்க் காட்டிக்கொடுத்துவிடும். சிப்பியின் உள்பக்கம் மாதிரி ஒரு வெளிர் நிறம். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலிக்கிறவரை கலக்கினாள். வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்று, டிரம்முக்குள் விழாமல் தலையைத் திருப்பித் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒன்றே காலுக்கு மேஸ்திரி புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். பத்தடி தள்ளி நாத்தனாரும் புறங்கையை வைத்துப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தார்கள்.

"ஆரம்பிக்கலாம்னு சொல்லுங்க அண்ணி."

"எனக்கும் தெரியும்னு சொல்லு."

சுவர் நாற்பதடி அகலம், இரண்டு மாடி உயரம். ஜன்னல் இல்லை, சன்ஷேட் இல்லை, நடுவில் நிறுத்த ஒரு மூலை கிடையாது. ஓரத்தில் ஆரம்பித்தால் அடுத்த ஓரத்தில்தான் முடிக்க வேண்டும். காலையெல்லாம் வெயில் குடித்த சுவர் பெயிண்ட்டை உறிஞ்சிக்கொள்ளும், அடித்த பெயிண்ட்டின் ஓரம் நாலைந்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். காய்ந்த ஓரத்தின் மேல் புது பெயிண்ட் ஏறினால் அங்கே ஒரு கோடு விழும். எத்தனை கோட்டிங் கொடுத்தாலும் சாய்ந்த வெயிலில் அந்தக் கோடு பல்லைக் காட்டும்.

மேல்பாதிக்கு நாத்தனார் சாரத்துப் பலகையில் ஏறினாள். கீழ்ப்பாதிக்கு மேஸ்திரி நீளக் கழி மாட்டிய ரோலரோடு, சுவரோரம் வரிசையாகப் போட்ட பெஞ்சுமேல் நின்றார். மேலே அடிக்கிறவளின் கீழ் ஓரமும், கீழே அடிக்கிறவரின் மேல் ஓரமும் நாற்பதடி தூரமும் ஈரத்தோடு சந்தித்துக்கொண்டே போக வேண்டும். ஒருவர் முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது. பேசிக்கொள்ளாத இரண்டு பேரால் இது எப்படி ஆகும் என்று அண்ணி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

மேலே பலகையில் ஒரு தட்டு கேட்டது. ரோலர் கைப்பிடியால் தட்டியது. கீழே பெஞ்சில் ஒரு தட்டு. அவ்வளவுதான், இரண்டு ரோலர்களும் கிளம்பின.

ஒரு தட்டு என்றால் போகலாம். இரண்டு தட்டு என்றால் பொறு. சின்ன வயதில் அவர்களே ஏற்படுத்திக்கொண்டதாம். அண்ணி இதைக் கேள்விப்பட்டிருக்கிறாளே தவிர, ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அந்த நாளில் அவளுக்கு நாத்தனார் என்றாலே எரிச்சல். கட்டின பெண்டாட்டி சொல்வது காதில் ஏறாது, தங்கை 'ம்' என்றால் அதுதான் தீர்ப்பு என்று மனசுக்குள் குமைந்துகொண்டு, தட்டைக் கழுவப் போய்விடுவாள்.

இன்று டிரம் பக்கத்தில் கயிறும் வாளியுமாக நின்றதால் பார்த்தே தீர வேண்டியிருந்தது.

 மேலே ரோலர் ஏறினால் கீழே ரோலர் இறங்கியது. அவள் வலப்பக்கம் சாய்ந்தால் இவர் கால் தானாக வலப்பக்கம் நகர்ந்தது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, நடுவில் பலகை மறைத்தது. ஆனாலும் நடுக்கோட்டில் இரண்டு ஈரமும் வந்து தொடுகிற இடத்தில் ஒரு விரல்கடைகூட வித்தியாசம் இல்லை. தொட்டது, கலந்தது, கோடு காணாமல் போயிற்று. பத்தடி ஆயிற்று. பதினைந்தடி ஆயிற்று. இரண்டு ரோலர்களின் சத்தமும் ஒரே சத்தமாகி, எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. ஒட்டு மொத்தச் சுவரும் ஒரே கை அடிப்பது மாதிரி நிறம் மாறிக்கொண்டே போயிற்று.

பதின்மூன்று வருஷமாகக் கூட வாழ்கிற மனிதரின் முகத்தை அண்ணி புதிதாகப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை, அலுப்பு இல்லை. சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியும் துடைக்கவில்லை. மேலேயிருந்து வருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

 இப்படி ஒன்று இந்த உலகத்தில் இருக்கும் என்று அண்ணிக்குத் தெரியாது. இவ்வளவு பக்கத்தில், தன் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. இதையா நான் ஒரு பாலிதீன் தாளோடு சேர்த்துப் பிய்த்துப் போட்டேன் என்று நினைத்தாள்.

"அண்ணி, வாளி" என்று மேலேயிருந்து குரல் வந்தது. திடுக்கிட்டுக் கயிற்றை இழுத்தாள். நல்லவேளை, ஒரு சொட்டும் சிந்தவில்லை.

இருபத்தெட்டாவது அடியில் காற்று திரும்பியது. ஊர்ப் பக்கமிருந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு சூடாக, வேகமாக அடித்தது. ஓரங்கள் கண்ணெதிரில் மங்கத் தொடங்கின. நாத்தனார் வேகம் கூட்டினாள். மேஸ்திரியும் கூட்டினார். அப்போதுதான் அவருடைய வலது தோள் பிடித்துக்கொண்டது. கழி பாதியில் நின்றது. பல்லைக் கடித்துத் தூக்கப் பார்த்தார், கை ஏறவில்லை.

மேலே இருந்தவளுக்குத் தெரியாது. ஒரு தட்டு தட்டிவிட்டு நகர்ந்தாள்.

மேஸ்திரி இரண்டு தட்டு தட்ட வேண்டும். வலது கை வேலை செய்யவில்லை, இடது கை கழி விழாமல் தாங்கிக்கொண்டிருந்தது, எதால் தட்டுவது.

"சுண்டெலி, நில்லு."

ஐந்து வருஷமாக மேஸ்திரி வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர். எங்கே வேண்டுமானாலும் ஏறிவிடுவாள் என்பதால் சின்ன வயதில் அண்ணன் வைத்தது. மேலே ரோலர் நின்றது. பலகை விளிம்பில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஒரு கணம் அந்தக் கண்ணில் ஐந்து வருஷமும் இருந்தது. மறுகணம் பார்வை சுவரின் ஓரத்துக்குப் போய்விட்டது.

"நிக்க முடியாதுண்ணே. ஓரம் காயுது" என்றாள். தபால் இல்லை, நடுவில் ஆள் இல்லை. "அண்ணி, ரோலர எடுங்க."

"நானா?"

"நீங்கதான். அண்ணன் கைல இருக்கறத வாங்கிட்டுப் பெஞ்சு மேல ஏறுங்க. என் ஓரத்தத் தொட்டு கீழ இழுங்க. அழுத்த வேண்டாம், அதுவா போகும்."

அவள் வாழ்நாளில் ஒரு கதவுக்குக்கூடப் பெயிண்ட் அடித்ததில்லை.  யோசித்தால் காய்ந்துவிடும் என்பதால் யோசிக்காமல் ஏறினாள். கழியைத் தூக்கி, நாத்தனார் விட்ட ஈர விளிம்பைத் தொட்டு இழுத்தாள். முகத்தில் பெயிண்ட் தெறித்தது. பக்கத்தில் கீழே மேஸ்திரி இடது கையால் சின்ன ரோலரைப் பிடித்து, அவள் விட்ட இடத்திலிருந்து தரைவரை வாங்கிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் மேல. ஆங், அப்படித்தான்" என்றாள் நாத்தனார்.

"பயப்படாம இழு" என்றார் மேஸ்திரி.

அவள் இழுத்தாள். மங்கத் தொடங்கியிருந்த ஓரம் புது ஈரத்தைக் குடித்து, மெல்ல நிறைந்து, கோடு மறைந்தது. அவள் கையாலேயே மறைந்தது. நெஞ்சு நிறைந்துவிட்டது. அதே நெஞ்சில், இன்னும் பன்னிரண்டு அடிதான் பாக்கி, அப்புறம் சொல்லியாக வேண்டும் என்ற நினைப்பும் வந்து உட்கார்ந்தது. பத்தடி. ஏழடி. சுவர் முடியாமல் இப்படியே கடலோரம் முழுக்க நீண்டு போனால் தேவலை என்றிருந்தது.

நாலு மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில், கடைசி ஓரத்தில் மூன்று ரோலர்களும் நின்றன.

டீச்சரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நடந்தாள். சுவருக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்து, ஒற்றைக் கண்ணால் நீளமாகப் பார்த்தாள். ஒரு கோடு இல்லை, ஒரு திட்டு இல்லை. நாற்பதடியும் கடலின் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு ஒரே நிதானமாக நின்றது.

"எங்க சேந்துச்சுன்னே தெரியல" என்றாள். முப்பது வருஷமாக யாருக்கும் முழு மார்க் போடாதவள், கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டாள்.

நாத்தனார் சாரத்திலிருந்து இறங்கி வந்தாள். அண்ணனின் தோளைத் தொட்டு, "எங்க பிடிச்சிருக்கு?" என்றாள். அவர் காட்டினார். கட்டை விரலால் அழுத்திவிட்டாள். இரண்டு பேரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இத்தோடு விட்டுவிட்டுச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று அண்ணிக்குத் தோன்றியது. அவர்கள் சேர்ந்தாயிற்று. யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தச் சுவரை நிமிர்ந்து பார்த்தவளுக்கு, இதற்கு முன்னால் நின்றுகொண்டு மூடி மறைப்பது முடியாது என்று தெரிந்தது.

டிபன் பாத்திரத்தை எடுத்து வெளியே வைத்தாள். அடியில் கை விட்டாள்.

"இது பழசு" என்று நாத்தனாரிடம் நீட்டினாள். "நீ ஒட்டினது. காத்துல போகல. நான்தான் பிச்சேன். உள்ள தண்ணி நின்னுச்சு. பாத்துட்டுத்தான் பிச்சேன்."

மஞ்சளாகிப்போன பாலிதீன். டேப்பில் மை மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. தேதி, மாலை ஐந்தே முக்கால். நாத்தனாரின் கையெழுத்து.

"அம்மாவப் பாக்கணும்னு இருந்துச்சு" என்றாள் அண்ணி. 

மேஸ்திரி தாளை வாங்கினார். படித்தார். மறுபடி படித்தார். தங்கையின் பக்கம் திரும்பி, "நீ ஒட்டியிருந்த" என்றார்.

"ஒட்டியிருந்தேன்."

"ஈரம்னு சொன்ன."

"சொன்னேன்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெயிண்ட்டா, வியர்வையா, வேறு ஏதாவதா என்று அண்ணிக்குத் தெரியவில்லை. நாத்தனார் தாளை அவரிடமிருந்து எடுத்து, பழைய மடிப்பிலேயே மடித்து, தன்னுடைய பைக்குள் வைத்துக்கொண்டாள். எதற்கு வைத்துக்கொண்டாள் என்று கேட்க அண்ணிக்குத் துணிச்சல் இல்லை. திட்டுவாள் என்று காத்திருந்தாள். நாத்தனாரோ அண்ணியின் கன்னத்தில் காய்ந்துகொண்டிருந்த பெயிண்ட் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடலிலிருந்து ஈரக்காற்று ஏறத் தொடங்கியது. மேஸ்திரி குனிந்து, நல்ல கையால் ரோலர்களைப் பொறுக்கினார்.

"சுண்டெலி" என்றார்.

"என்னண்ணே?"

"உங்க அண்ணிகிட்ட சொல்லு. சாமானெல்லாம் கழுவணும், டிரம்ம மூடிட்டு வரச் சொல்லு."

அண்ணி மூன்றடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள்.